சில்வர் பீச்சுல இல்லாத கடலா? அந்தமான் போங்க, இ.எம்.ஐ.ல மட்டும் போகாதீங்க!

போன வாரம் நம்ம சேனல்ல டூர் லோன் பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதைப் பார்த்துட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க: "அப்போ மாசம் முப்பதாயிரம் வாங்குறவன் கடைசி வரைக்கும் ரீல்ஸ்லதான் தீவைப் பாக்கணுமா ப்ரோ?"

இல்ல ப்ரோ. நீங்க கண்டிப்பா போகணும்னுதான் நான் சொல்றேன். எட்டு நிமிஷ வீடியோவுல சொல்ல முடியாததை இங்க எழுதறேன். இதுல என் வீட்டுக் கதையும் கொஞ்சம் இருக்கு.

எனக்கு ஊர் மேல்பட்டாம்பாக்கம். பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவுல, கரும்பு லாரி பின்னாடி மாட்டினா முந்தவே முடியாத ரோடு. கடலூர் பக்கத்துலதான் இருக்கு. சின்ன வயசுல கடல்னா தேவனாம்பட்டினம் சில்வர் பீச்தான். 2004 சுனாமி வந்தப்போ நான் நாலாவது படிச்சிட்டிருந்தேன். அந்தக் கரையில போன உயிர்களைப் பத்தி ஊர் முழுக்கப் பேசினதைக் கேட்டதுலேர்ந்து எங்கம்மாவுக்குக் கடல்னாலே ஆகாது. 2018-ல நான் அந்தமான் போறேன்னு சொன்னதும் அவங்க கேட்டது இதுதான்: "சில்வர் பீச்சுல இல்லாத கடலாடா அங்க இருக்கு?"

இருக்கு. நம்ம கரை மணல் கரை, அலை அதிகம், ஆத்துத் தண்ணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டுது. பவளப்பாறை வளரத் தெளிஞ்ச, வெதுவெதுப்பான, வெளிச்சம் இறங்குற தண்ணி வேணும். அந்தமான்ல அது இருக்கு. முகத்துல மாஸ்க் மாட்டி, வாயில குழாயைக் கடிச்சுக்கிட்டுத் தலையைத் தண்ணிக்குள்ள விட்டா, கைக்கெட்டுற தூரத்துல மீன் கூட்டம். நான் சொன்ன கடல் வித்தியாசம் சரிதான். அதுக்குப் பணம் கட்டின விதம்தான் தப்பாப் போச்சு.

அப்போ என் கைச்சம்பளம் 24,000. ஆபீஸ் பசங்களோட சேர்ந்து 42,000 ரூபா பேக்கேஜ். "நோ காஸ்ட் இ.எம்.ஐ., மாசம் 3,500தான்"னு சொன்னாங்க. இந்த நோ காஸ்ட்ங்கறது என்னன்னா, வட்டியை விலையில தள்ளுபடி மாதிரிக் காட்டிடுவாங்க. ஆனா அந்த வட்டி மேல வர்ற 18% ஜி.எஸ்.டி. நம்ம தலையிலதான் விழும், பிராசஸிங் ஃபீஸ் தனி. அது பெரிய தொகை இல்லதான். பெரிய தொகை வேற வழியில வந்துச்சு.

நாங்க போனது ஜூன் கடைசி. ஏன் ஜூன்? அப்போதான் பேக்கேஜ் மலிவு. ஏன் மலிவுன்னு ஒருத்தனும் யோசிக்கல. தென்மேற்குப் பருவமழை நேரம். ஹேவ்லாக் தீவுல ரெண்டு நாள் ரூமுக்குள்ளேயே உக்காந்து சீட்டு ஆடினோம். எலிஃபன்ட் பீச் படகு நிறுத்தியாச்சு, ஸ்நார்கெலிங் கிடையாது. திரும்புற ஃபெர்ரியும் ரத்து. மறுநாள் காலை சென்னை ஃப்ளைட் எங்களை விட்டுட்டுப் போயிடுச்சு. புது டிக்கெட் கிரெடிட் கார்டுல போட்டேன். அந்த பில்லுக்கு மினிமம் டியூ மட்டும் கட்டினேன். மீதிக்கு மாசம் மூணரை பர்சென்ட் வட்டி ஓட ஆரம்பிச்சது. வருஷத்துக்குக் கணக்குப் போட்டா 42. எங்க ஊர் மீட்டர் வட்டிக்காரங்களே கூச்சப்படுவாங்க.

மூணாவது மாசம் அப்பா வண்டியிலேர்ந்து விழுந்து கால் முறிஞ்சது. கையில என்கிட்ட இருந்தது நாலாயிரம். கார்டு ஏற்கெனவே நிரம்பிப் போச்சு. அம்மா ஒரு வார்த்தை சொல்லல. ரெண்டு வளையலையும் கழட்டி அடகு வச்சு 25,000 கொண்டுவந்து ஆஸ்பத்திரியில கட்டினாங்க. அதை மீட்டுக் குடுக்க எனக்குப் பதினாலு மாசம் ஆச்சு. அந்தப் பதினாலு மாசமும் வீட்டுக்குப் போறப்பல்லாம் முதல்ல அவங்க கையைத்தான் பார்ப்பேன்.

இதைச் சொன்னா சில பேர் உடனே அடுத்த கோடிக்குப் போயிடுவாங்க. "டூருக்குப் போற முப்பதாயிரத்தை மியூச்சுவல் ஃபண்டுல போடு, 12% வளர்ந்தா 30 வருஷத்துல ஒன்பது லட்சம்." கணக்கு சரிதான், நானே போட்டுப் பார்த்தேன். ஆனா விலைவாசி வருஷம் 6% ஏறினா, அந்த ஒன்பது லட்சத்தோட இன்றைய மதிப்பு ஒன்றரை லட்சம் சொச்சம்தான். அது ஒண்ணும் கேவலமான தொகை இல்ல, ஒத்துக்கறேன். ஆனா 58 வயசுல முட்டி வலியோட படகு ஏணியில ஏறி இறங்கிப் பாருங்க, அப்புறம் பேசுவோம். ஒரு மனுஷன் வருஷம் பூரா ஏ.சி. ரூம்ல டிக்கெட் க்ளோஸ் பண்ணிட்டே இருந்து, ஒரு கடல்கூடப் பார்க்காம சேர்க்கற பணத்துக்கு நான் கன்சல்ட்டிங் பண்ண விரும்பல. எமர்ஜென்சி ஃபண்டும் ஹெல்த் இன்சூரன்ஸும் இருக்கணும். அது ரெண்டும் இருந்தா டூர் செலவை யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்ல.

ரெண்டாவது தடவை 2024 பிப்ரவரியில போனேன். இந்த முறை கடனை முன்னாடி வாங்கிப் பின்னாடி கட்டல. பேங்க்ல மாசம் 2,500-க்கு ஒரு ஆர்.டி. போட்டேன், பன்னிரண்டு மாசம். 30,000 முதல், 6.5% வட்டியில ஆயிரம் ரூபா சொச்சம் கூடுதல். இதுல ஒரு சின்ன விஷயத்தைப் பலர் கோட்டை விடுவாங்க: ஆர்.டி. முடியற மாசம் டூர் போற மாசமா இருக்கக் கூடாது. டிக்கெட் போடற மாசமா இருக்கணும். எனக்கு நவம்பர்ல முடிஞ்சது, அன்னைக்கே பிப்ரவரி டிக்கெட் போட்டேன். போக வர 10,400. அதே டிக்கெட்டைக் கிறிஸ்துமஸ் வாரத்துக்குப் பார்த்தப்போ ரெண்டு மடங்குக்கு மேல காட்டிச்சு.

மேல்பட்டாம்பாக்கம் ஸ்டேஷன்ல பாசஞ்சர் பிடிச்சு விழுப்புரம், அங்கேர்ந்து சென்னை, அப்புறம் ரெண்டேகால் மணி நேர ஃப்ளைட். (போர்ட் பிளேருக்கு இப்போ ஸ்ரீ விஜயபுரம்னு பேர், ஹேவ்லாக் 2018 கடைசியிலேயே சுவராஜ் தீவு ஆயிடுச்சு. எனக்குப் பழைய பேர்தான் வாயில வருது, மன்னிச்சிடுங்க.) சென்னையிலேர்ந்து கப்பலும் இருக்கு, பங்க் கிளாஸ் டிக்கெட் ரொம்பக் கம்மி, அதுல போகலாமேன்னு கேப்பீங்க. போக மூணு நாள், வர மூணு நாள். ஸ்டூடன்ட்டா இருந்தா ஜாலியாப் போகலாம். நமக்கு அது ஆறு நாள் லீவு. முப்பதாயிரம் சம்பளத்துல ஒரு நாள் லாஸ் ஆஃப் பேன்னா ஆயிரம் ரூபா. ஃப்ளைட்ல மிச்சம் பிடிச்சதைப் பேஸ்லிப்புல விட்டுட்டு வருவீங்க.

ஃபெர்ரி விஷயத்துல மட்டும் கொஞ்சம் மெனக்கெடுங்க. போர்ட் பிளேர்லேர்ந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் கப்பல் ஏ.சி., வேகம், விலையும் ஆயிரத்துக்கு மேல. அரசு ஃபெர்ரி அதுல பாதிகூட வராது. கொஞ்சம் மெதுவாப் போகும், அவ்வளவுதான். ஆனா மேல்தட்டுல காத்து வாங்கிட்டே போகலாம், தனியார்ல கண்ணாடிக்குள்ளதான் உக்காரணும். அரசு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துடும். அதனால நான் போறப்போ தனியார், வர்றப்போ அரசுன்னு போனேன். ரூமை ஒரு ஃப்ரெண்டோட பகிர்ந்துக்கிட்டேன், தலைக்கு ஒரு ராத்திரிக்கு 750. ஸ்கூட்டரும் பாதிப் பாதி. ராதாநகர் பீச்சுக்குப் போக ஒரு பைசா டிக்கெட் குடுக்கல. 2004-ல ஆசியாவின் சிறந்த கடற்கரைன்னு டைம் பத்திரிகை சொன்ன கரை அது. சாயங்காலம் அங்க சும்மா உக்காந்திருந்ததுதான் அந்த டூர்லேயே மலிவான, எனக்கு ரொம்பப் பிடிச்ச மூணு மணி நேரம்.

இனி எலிஃபன்ட் பீச். ஜெட்டியிலேர்ந்து ஸ்பீட் போட்ல போகணும், இல்லாட்டி காட்டு வழியா நடக்கணும். கரை முழுக்க வேரோட சாய்ஞ்ச பெரிய பெரிய மரங்கள் வெளுத்துக் கிடக்கு. சுனாமியில விழுந்தவைன்னு படகுக்காரர் சொன்னார். அதே 2004, அதே டிசம்பர் 26. எங்கம்மா பயப்படற அதே அலை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுட்டேன். அப்புறம் லைஃப் ஜாக்கெட் மாட்டித் தண்ணியில இறங்கினேன்.

எனக்கு நீச்சல் தெரியும், எங்க ஊர்ப் பக்கம் பம்ப்செட் கிணத்துல கத்துக்கிட்டதுதான். தெரியாதவங்களையும் கைடு வளையத்தைப் பிடிக்கச் சொல்லிக் கூட்டிட்டுப் போறாரு. படகுக் காசுலேயே கரையோரம் ஒரு சின்ன ஸ்நார்கெலிங் அடக்கம். தண்ணியில இறங்கினப்புறம்தான் "இன்னும் உள்ள போனா நல்லா இருக்கும் சார்"னு அடுத்த ரேட் சொல்வாங்க. அப்புறம் போட்டோ, வீடியோ, ஜெட் ஸ்கீ, கடலடி நடை. நான் உள்ள போற நீள ரவுண்டுக்கு மட்டும் காசு குடுத்தேன், அது வொர்த். மத்தது எதுவும் வேணாம். ஈரத் தலையோட, சிரிச்ச முகத்தோட நிக்கறப்போ பேரம் பேச வராது. அதனால என்னென்ன வேணும்னு ரூம்லேயே முடிவு பண்ணிட்டுக் கிளம்புங்க. பவளத்துண்டு, சங்குன்னு எதையும் பையில போட்டு வராதீங்க. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு, ஏர்போர்ட்ல மாட்டினா இந்த பட்ஜெட்டெல்லாம் காமெடி ஆயிடும்.

கடைசி ராத்திரியைத் தீவுல வைக்காம போர்ட் பிளேர்ல வச்சேன். 2018 கத்துக் குடுத்த பாடம். ஃபெர்ரி ஒரு நாள் தள்ளிப் போனாலும் ஃப்ளைட் போகாது. அந்த நாள்ல செல்லுலார் ஜெயில் பார்த்தேன். கையில நாலாயிரம் ரொக்கம் வச்சிருந்தேன். 2020-ல சென்னையிலேர்ந்து கடலடி கேபிள் போனதுக்கப்புறம் அங்க நெட் பரவாயில்ல, ஆனா தீவுல ஜி.பே. சுத்திக்கிட்டே இருக்கறப்போ கடைக்காரர் நம்ம முகத்தைப் பாக்கறது நல்லா இருக்காது. எல்லாம் சேர்த்து ஆறு நாளைக்கு 26,000 சொச்சம். ஆர்.டி.ல மீதி ஐயாயிரம் கிட்ட இருந்துச்சு. ஃபெர்ரி ரத்தானா, ஃப்ளைட் போனான்னு எடுத்து வச்ச பணம் அது. இந்த முறை தேவைப்படல.

எல்.டி.ஏ. கிளெய்ம் பண்ணலாமான்னு கேட்டிருந்தீங்க. அந்தமான் இந்தியாவுக்குள்ள இருக்கறதால ஃப்ளைட்டோட எகானமி கட்டணத்துக்குப் பண்ணலாம், ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. மாலத்தீவு, பாலின்னா ஒண்ணுமே கிடையாது. ஆனா இது பழைய வரி முறையில மட்டும்தான். முப்பதாயிரம் சம்பளத்துக்குப் புது முறையில வரியே வராது, இதுக்காக மாறிக்கிட்டு இருக்காதீங்க.

நம்ம கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆளுங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு, யாரும் பெருசாப் பேசறதில்ல. நாகப்பட்டினத்துலேர்ந்து யாழ்ப்பாணம் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல். 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓட ஆரம்பிச்சது. ஏறக்குறைய நாலு மணி நேரம். அங்கேர்ந்து குறிகட்டுவான் போய்ப் படகுல நெடுந்தீவு, திருகோணமலைப் பக்கம் நிலாவெளி போனா புறாத்தீவுல ஸ்நார்கெலிங். போற இடமெல்லாம் தமிழ். பாஸ்போர்ட் வேணும், விசா விதியை டிக்கெட் போடற அன்னைக்கே பார்த்துக்கோங்க. வடகிழக்கு மழை நேரத்துல கப்பலை நிறுத்திடுவாங்க, அதனால ஐப்பசி கார்த்திகையில பிளான் போடாதீங்க. எனக்கு அடுத்த ஆசை இதுதான்.

அதுவரைக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை பிச்சாவரம் போயிட்டு வாங்க. சிதம்பரத்துலேர்ந்து பதினைஞ்சு கிலோமீட்டர்தான், 2022-ல ராம்சார் பட்டியல்ல வந்த இடம். மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகு எடுங்க, சுரபுன்னை வேருக்கு நடுவுல சின்னக் கால்வாய்க்குள்ள அதுதான் போகும். எங்கம்மாவை அங்கதான் முதல்ல படகுல ஏத்தினேன். முதல் பத்து நிமிஷம் கண்ணைத் திறக்கல. அப்புறம் மெதுவாத் தண்ணியில கையை விட்டுப் பார்த்தாங்க. வளையல் நனைஞ்சது.

போன மாசம் என் போன்ல எலிஃபன்ட் பீச் வீடியோவை மறுபடி போட்டுக் காட்டச் சொன்னாங்க. "அந்த மீனுங்க கடிக்காதா?"ன்னு கேட்டாங்க. கடிக்காதும்மான்னேன். "ஜெயிலையும் பாக்கணும்டா"ன்னாங்க. மறுநாள் ஆர்.டி. தொகையை 5,500 ஆக்கிட்டேன். அம்மாவுக்கு ஜன்னல் சீட் வேணுமாம், அதுக்குத் தனிக் காசு கேக்கறாங்க. அதையும் கணக்குல சேர்த்திருக்கேன்.