சட்டம் பிடிக்காத சொற்கள்

2021 ஜூன் மாதம் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஓர் ஆடவர் இளம் ஜோடி ஒன்றை வழிமறித்து, இந்திய ஆண் சீனப் பெண்ணோடு பழகலாமா என்று சத்தம் போட்ட காணொளியை நம்மில் பலரும் பார்த்திருப்போம். தாங்கள் இருவருமே கலப்பினத்தவர் என்று அவர்கள் சொல்லியும் அவர் கேட்கவில்லை. பின்னர் நீதிமன்றம் அவருக்குச் சிறையும் அபராதமும் விதித்தது. 2025இல் இன நல்லிணக்கத்துக்கென்றே தனிச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நல்லதுதான். ஆனால் கத்துகிறவரை மட்டும் பிடித்தால் போதுமா என்பதுதான் என் கேள்வி.

என் மனைவி சீனர். எங்களுக்குத் திருமணமாகி நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. இத்தனை வருடத்தில் எங்களைப் பார்த்து யாரும் கத்தியதில்லை. பட்டதெல்லாம் மெதுவாகச் சொன்ன வார்த்தைகளால்தான்.

கோயிலுக்கு அவர் சேலை கட்டி வரும்போது, "சின்ன வயசுலேயே எடுத்து வளர்த்த பிள்ளையா?" என்று பெரியம்மாக்கள் அன்பாகக் கேட்பார்கள். அந்தக் காலத்தில் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழ், மலாய் வீடுகளுக்குக் கொடுத்தது உங்களுக்கும் தெரியும். என் மனைவி "இல்லை, மருமகள்" என்பார். உடனே அந்த முகங்கள் மாறும். சீனப் பெண்ணை மகளாக ஏற்றுக்கொண்ட சமூகம்தான், மருமகள் என்றதும் தயங்கியது. சீனர் பக்கமும் அப்படித்தான். பெற்ற பிள்ளையைத் தமிழர் வீட்டில் வளரக் கொடுத்தவர்கள் உண்டு. வளர்ந்த பெண் தமிழனைக் கட்டிக்கொள்வதுதான் குடும்பத்துக்கு அவமானமாக இருந்தது.

மகள் பிறந்தபோது என் உறவினர் ஒருவர், "நல்லவேளை, அம்மா நிறம்" என்றார். அவர் வாழ்த்தத்தான் வந்தார். அதே குழந்தையைச் சீனப் புத்தாண்டுக்குத் தூக்கிப் போனால், "பரவாயில்லை, ரொம்பக் கறுப்பில்லை" என்றார்கள். ஒரே பிள்ளையை இரண்டு பக்கமும் ஒரே தராசில்தான் நிறுத்தார்கள்.

பின்னாளில் மகன் வாடகைக்கு அறை தேடினான். முகவர் தொலைபேசியில் நன்றாகத்தான் பேசினார். பெயரைக் கேட்டதும், அறை போய்விட்டது என்றார். அரை மணி நேரம் கழித்து என் மனைவி தன் சீனப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எப்போது பார்க்க வருகிறீர்கள் என்று அதே முகவர் கேட்டார். மகன் ஒன்றும் பேசவில்லை, சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்றும் என் மனசை அறுக்கிறது.

இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். உண்மைதான். இன்று இங்கே ஐந்தாறு திருமணங்களில் ஒன்று கலப்புத் திருமணம். 2011 முதல் பிள்ளையின் பதிவில் இரண்டு இனத்தையும் சேர்த்தே எழுதலாம். 2023இல் தர்மன் 70 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்று அதிபரானார். அவருடைய துணைவியார் சீன, ஜப்பானிய வழிவந்தவர். எனக்கும் பெருமைதான். ஆனால் வாக்குச் சீட்டில் ஒருவரை ஏற்பது வேறு, சம்பந்தியாக நம் வீட்டு வாசலில் நிற்கும்போது ஏற்பது வேறு. 1989இலிருந்து வீவக புளோக்குகளில் இன ஒதுக்கீடு உண்டு. நாம் அண்டை வீட்டுக்காரர்களாக இருப்பதற்கு அரசாங்கம் இப்படி வழி செய்தது. கதவுக்கு உள்ளே என்ன பேசுகிறோம் என்பதற்கு எந்த ஒதுக்கீடும் கிடையாது.

அங்கே வேலை நம்மைப் போன்ற கிழடுகளுக்குத்தான். நிறம், 'சீனத்தி', 'நம்ம பிள்ளை கிடைக்கலையா' போன்ற பேச்செல்லாம் பெரும்பாலும் நம் தலைமுறை வாயிலிருந்துதான் வருகிறது. அடுத்த முறை சாப்பாட்டு மேசையில் யாராவது அப்படிப் பேசினால், தமாஷ் என்று விடாதீர்கள். "அப்படிப் பேசாதே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெரியவர் சொன்னால் அந்த மேசையில் எடுபடும். பேரனோ பேத்தியோ வேற்றினத்துப் பிள்ளையைக் கூட்டி வந்தால், என்ன இனம் என்று கேட்குமுன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மற்றதை அந்தப் பிள்ளையே சொல்லும்.