தலை நரைத்தால் நெஞ்சும் நரைக்குமா?

விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் நம் மாணவ நண்பர்கள் கொண்டு வரும் செய்தி பெரும்பாலும் ஒன்றுதான். "அப்பா மிகவும் தளர்ந்துவிட்டார்." "அம்மாவுக்கு வயதாகிவிட்டது." சொல்லும் குரலில் வருத்தம் இருக்கிறது. ஆனால் அந்த வருத்தத்தோடு ஒரு தீர்ப்பும் கலந்திருக்கிறது. அந்தத் தீர்ப்போடுதான் எனக்கு வழக்கு.

வீட்டில் கூடவே இருப்பவர்களுக்கு இந்த மாற்றம் தெரிவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெங்களூரிலிருந்து போய் வாசலில் நிற்கும் நமக்குத்தான் திடீரென்று தெரிகிறது. மாற்றம் என்னவோ மெல்ல மெல்லத்தான் நடக்கிறது. முப்பதைத் தாண்டியதும் தசை சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகிறது. நாற்பதை ஒட்டிக் கண்ணின் வில்லை இறுகிப்போகிறது. பத்திரிகையை எட்டப் பிடித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. நம்மவர் அதை வெள்ளெழுத்து என்றனர். (இவ்வூர்க் கன்னட நண்பர்கள் அதற்குப் போடும் கண்ணாடியைச் 'சாளீசு' என்கிறார்கள். நாற்பதைக் குறிக்கும் இந்திச் சொல்லின் திரிபு அது. வயதையே கண்ணாடிக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்!) முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டுகள் மெலிய, உயரம் குறைகிறது. மயிர்க்கால்களில் நிறம் ஊட்டும் உயிரணுக்கள் தீர்ந்துபோக, நரை வருகிறது. இவற்றிலும் எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் தோலைத் தாங்கும் புரதத்தைச் சிதைக்கின்றன. வயலில் நாற்று நடும் நாற்பது வயதுப் பெண்ணின் முகம், நிழலில் உட்கார்ந்து கையெழுத்திட்ட அறுபது வயது அதிகாரியின் முகத்தைவிட முதிர்ந்து தோன்றுவது இதனால்தான். முகத்தில் எழுதியிருப்பது வயது மட்டுமன்று; வாழ்ந்த வாழ்வும் எழுதியிருக்கிறது.

இதுவரை உடலின் கதை. இத்தோடு நாம் நின்றால் வழக்கில்லை. நிற்பதில்லையே! நரைத்த தலையைக் கண்டதும் நெஞ்சும் நரைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதன் பிறகு தொலைபேசியில் நாம் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். சாப்பிட்டாயா? அப்பா மாத்திரை போட்டாரா? சர்க்கரை எவ்வளவு? ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்கும் கேள்விகள் அல்லவா இவை! என்ன படித்தாய், யாரோடு சண்டை போட்டாய், தேர்தலில் இப்படி ஆகிவிட்டதே, நீ என்ன நினைக்கிறாய் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

இந்தக் குறை நமக்குப் புதிதன்று. உலா இலக்கியம் பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்தது: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூல்கள் ஒவ்வொன்றுக்கும் வயது குறித்தன. பேரிளம்பெண் நாற்பதோடு முடிகிறாள். அதற்கு மேல் பெயரே இல்லை! பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்கும் மகளிரே உலாப் புலவருக்கு வேண்டியவர்கள்; அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் நாற்பத்தொன்றாம் வயதில் அவள் என்ன நினைத்தாள் என்று கேட்கத் தோன்றாத பழக்கம் உலாவோடு ஒழிந்துவிடவில்லை. நாட்டில் வழங்கும் கதையில் வரும் ஔவையோ, திருமணத்தினின்று தப்பி ஊர் ஊராகச் செல்வதற்காக முதுமையைத் தானே வேண்டிப் பெற்றாள். நம் மரபில் இரண்டும் உண்டு. நாம் எதைக் கைக்கொண்டோம் என்பதுதான் கேள்வி.

புறநானூற்றில் 191ஆம் பாட்டு நமக்குப் பள்ளியிலேயே அறிமுகமானது. ஆண்டு பல ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொன்ன விடை அது. குணம் நிறைந்த மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், நெறி தவறாத அரசன், ஊரில் சான்றோர் பலர் என்று அடுக்குகிறார். தம் உடம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை! எல்லாம் தம்மைச் சுற்றியிருந்தவர்களைப் பற்றியே. விஞ்ஞானம் படிப்பவன் என்ற முறையில், நரைக்கு முதற்காரணம் பரம்பரையே என்று நான் சொல்லியாக வேண்டும். ஆயினும் 2020இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள், எலிகளைக் கடும் அலைக்கழிப்புக்கு உள்ளாக்கினால் நரம்பின் தூண்டுதலால் மயிருக்கு நிறம் தரும் உயிரணுக்களின் சேமிப்பே தீர்ந்துபோகிறது என்று காட்டினர். எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றக் கூடாதுதான். எனினும் பிசிராந்தையாரின் பேச்சு வெறும் புலவர் கற்பனை என்று தள்ளவும் இனி முடியாது.

நெஞ்சைப் பற்றிய சான்று இன்னும் வலுவானது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடைய 660 பேரைப் பற்றிய ஆராய்ச்சியைப் பெக்கா லெவி என்ற அம்மையார் 2002இல் வெளியிட்டார். தம் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தவர்கள், தாழ்வாக எண்ணியவர்களைவிடச் சராசரி 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தனர். அந்த எண்ணத்தை ஒருவர் எங்கிருந்து பெறுகிறார்? "இந்த வயதில் உனக்கு எதற்கு?" என்று பெற்ற பிள்ளைகளே நாளுக்கு மூன்று முறை கேட்டால் எந்த எண்ணம் வளரும்?

வயது வெறும் எண் என்று இனிக்க இனிக்கப் பேசுவோர் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். முதுமையில் பெயர்கள் மறக்கின்றன. புதியதைப் பிடிக்கும் வேகம் குறைகிறது. சிலருக்கு மறதி நோயாகவே வந்து குடும்பத்தை வருத்துகிறது. இளமையில் மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததை எண்ணி, இன்று கோலூன்றி இருமும் கிழவரின் ஏக்கத்தைத் தொடித்தலை விழுத்தண்டினார் பாடியதும் அதே புறநானூற்றில்தான். ஆனால் சொல்வளமோ அறுபது வரையிலும் பெரும்பாலோர்க்குக் குறைவதில்லை, கூடவும் செய்கிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழி எலும்புக்குப் பொருந்தும். மனத்துக்கு அப்படியே பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. 1951இல் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. இன்று அது எழுபதை ஒட்டி நிற்கிறது. குழந்தைச் சாவு குறைந்தது இதற்குப் பெரிய காரணம் என்றாலும், மணிவிழா முடித்த பின்னும் பல ஆண்டுகள் வாழ்வோர் இன்று நம் வீடுதோறும் இருக்கிறார்கள். அத்தனை ஆண்டுகளையும் மாத்திரைக் கணக்கிலேயே கழிக்கச் சொல்கிறோமா?

இருபத்துமூன்று வயதில் நமக்கு எல்லாம் முடிந்த முடிபாகத் தோன்றுகிறது. அது இளமையின் தவறு மட்டுமன்று. 18 முதல் 68 வயது வரையிலான 19,000க்கு மேற்பட்டோரை வைத்து 2013இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், எல்லா வயதினரும் கடந்த பத்தாண்டில் தாம் நிரம்ப மாறியதாகவும், வரும் பத்தாண்டில் அவ்வளவாக மாறப்போவதில்லை என்றும் கருதினர். தம்மைப் பற்றியே இப்படித் தவறாகக் கணிக்கும் மனிதன், தன் தாயைப் பற்றி மட்டும் சரியாகக் கணிப்பானா?

நம் விடுதியில் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தாயாருக்கு 51 வயது. பிளஸ் டூ முடித்ததும் மணம் செய்து கொடுத்துவிட்டார்கள். மகளுக்கும் மணமாகி, மகனும் இங்கே வந்துவிட்ட பிறகு, தபால் வழியில் வரலாறு படித்துப் பட்டம் பெற வேண்டும் என்று விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறார். பிள்ளைகள் இருவரும் சிரித்தார்களாம். "யாருக்குக் காட்டப் போகிறாய், அம்மா?" என்று மகன் கேட்டாராம். இதை அவரே வேடிக்கையாகச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குச் சொன்னார். "நீ எம்.எஸ்ஸி. படிப்பது யாருக்குக் காட்ட?" என்று நான் கேட்டேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் இன்னும் வரவில்லை என்று அறிகிறேன். அவர் நம் இதழைத் தவறாமல் படிப்பவர்.