மொறீசியசுப் பிரயாணம்: ஒரு வேண்டுகோள்

கல்லூரியின் யூபிலியை முன்னிட்டு மொறீசியசுத் தீவுக்கு உல்லாசப் பிரயாணம் போவதென இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம் பழைய மாணவர் சிலர் ஆலோசித்து வருகின்றனர். குடும்பத்தோடு செல்வது, கடற்கரை விடுதியொன்றில் ஒரு வாரம் தங்குவது, புயலில்லாத ஆடி ஆவணியிற் போவது என்பது அவர்கள் திட்டம். என் கருத்தையும் கேட்டு எழுதினர். அத்தீவை நான் கண்ணாற் கண்டவனல்லேன், நூல்வாயிலாக அறிந்தவனே. ஆயினும் இத்திட்டத்துக்கு என் மனம் முழுதும் உடன்படவில்லை.

கடல் பார்ப்பதற்கோ அவ்வளவு தூரம்? 1990 இல் மயிலிட்டியை விட்டு நாம் ஓடியபோது நான் சிறுவன். 2017 இல் துறைமுகம் திரும்பக் கிடைத்த நாளில், கரையில் நின்று நெடுநேரம் வாய் திறவாதிருந்த முதியவர்களைக் கண்டேன். இருபத்தேழு ஆண்டு காணாத கடல் அது. கடலே வேண்டுமாயின் இங்கே வாருங்கள். விடுதிச் செலவும் மிச்சம்.

மொறீசியசிற் காணவேண்டியவர்கள் மனிதர்கள். 1735 இல் ஆளுநராய் வந்த லா பூர்தொன்னே என்னும் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிக் கைவினைஞர் அங்கு சென்று தொழில் செய்தனர். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாய் வந்திறங்கினர். அவர்கள் ஏறிய கற்படிகள் போட் லூயித் துறையில் இன்றும் உள்ளன. ஆப்பிரவாசி காட் எனப்படும் அவ்விடம் 2006 இல் உலக மரபுரிமைத் தலமாயிற்று. விடுதியிலேயே கிடப்பவர் அதைக் காணமாட்டார்.

அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க, மடகஸ்கார் மக்கள் பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டு ஆக்கிய கிறியோல் மொழியே இன்று அத்தீவின் பொதுமொழி. தமிழர் வீடுகளிலும் அதுவே வழங்குகிறது. தமிழைப் பேசுவோர் மிகச் சிலர். ஆனால் அடுக்களையைப் பாருங்கள். முருங்கையிலைக்கு அங்கே 'பிரெட் முறும்' என்று பெயர். கறிவேப்பிலை 'கரிப்புலே', பீர்க்கங்காய் 'பிபங்காய்', இரசம் 'ரசோன்'. போட் லூயிச் சந்தைக்கு நம் வீட்டுப் பெண்கள் மொழிபெயர்ப்பாளரின்றியே போய்வரலாம்! நகரத்து மீனாட்சியம்மன் கோயிலைக் 'கைலாசோன்' என்கிறார்கள். நம் கைலாசம் பிரெஞ்சு மூக்கால் ஒலிக்கிறது, அவ்வளவே.

இதனைக் கேட்டு நகைப்பவரை நான் மன்னிக்கமாட்டேன். 1998 இல் அந்நாட்டுப் புதிய பணநோட்டுகளில் இந்தியைத் தமிழுக்கு முன்னே அச்சிட்டனர். தமிழர் எதிர்த்தெழுந்தனர். நோட்டுகள் மீட்கப்பட்டுப் பழைய வரிசையில் மறுபடியும் அச்சாயின. வீட்டிற் பேசாத ஒரு மொழியின் எழுத்துக்காக வீதிக்கு வந்தவர்கள் அவர்கள். பேச்சை இழந்தபின்னும் எழுத்தின்மேல் அவர்களுக்கு இத்துணை பற்று எங்ஙனம் நிலைத்தது என்பதைத் தமிழாசிரியனாகிய நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. விடை முழுதாக அகப்படவில்லை. கோயிலுக்கு அதிற் பெரும்பங்கு உண்டென்று மட்டும் துணிகிறேன்.

ஆகையால் தைப்பூசத்துக்குப் போங்கள் என்பது என் வேண்டுகோள். அன்று அந்நாடு முழுவதும் பொது விடுமுறை. காட்ர் போர்ன் நகரருகே கோர் தெ கார்த் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயிலுக்கு, விரதமிருந்து காவடியெடுத்து ஏறுவார்கள். தை மாதம் புயற்காலந்தான், மறுக்கவில்லை. வெயிலும் கடுமை. இரண்டு மூன்று நாள் மேலதிகமாக ஒதுக்கி வைத்தால் புயல் வந்தாலும் காத்திருக்கலாம். காவடியைப் பார்ப்பதோடு நில்லாமல், வாழையிலையில் ஏழு கறி பரிமாறும் வீடு எதுவாயினும் அழைத்தால் தயங்காது சென்று அமருங்கள்.

இன்னுமொன்று. இருநூறு ரூபா நோட்டொன்றை அங்கு மாற்றியவுடன் உங்கள் பிள்ளைகளின் கையிற் கொடுத்து, அதிலுள்ள தமிழை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தார்களா என்பதை எனக்கு எழுதுங்கள்.