கர்ணனுக்கு எந்தக் கட்டம்?

இந்த இதழில் ஒரு விளையாட்டைப் பற்றி எட்டுப் பக்கக் கட்டுரை வருகிறது. எழுதியவர் பெங்களூரில் கணினி வேலையில் இருக்கும் இளம்பிள்ளைக்காரர். விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, இருபது முகமுள்ள பகடையை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, விடிய விடியக் கதையை ஓட்டுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று வேஷம் கட்டுவார்கள். வேஷம் வாயால் மட்டும்தான். "தறிச் சத்தத்துக்கு நடுவே நடக்கிற பத்திரிகைக்கு இது என்ன கேடு?" என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் கட்டுரைக்குள்ளேயே, எழுதியவர் இரண்டே பத்தியில் தாண்டிப் போய்விட்ட ஓர் இடத்தில் இருக்கிறது. அலைன்மென்ட் என்று ஒரு விதி. கட்டுரையாளர் விட்ட இடத்தை இந்தத் தலையங்கம் எடுத்துக்கொள்கிறது.

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இந்த விளையாட்டை வெளியிட்டபோது பாத்திரங்களுக்கு மூன்றே பக்கம்: ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை. போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் நாவல்களிலிருந்து எடுத்த பங்கீடு அது. ஒழுங்கானவன் எல்லாம் நல்லவனா என்ற சந்தேகம் அவர்களுக்கே வந்திருக்க வேண்டும். நன்மை, தீமை என்று குறுக்கே இன்னொரு கோடு போட்டார்கள். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம் ஆகிவிட்டது. ஒழுங்கான நல்லவன், ஒழுங்கான கெட்டவன், தான்தோன்றி நல்லவன், தான்தோன்றிக் கெட்டவன், நடுவே பட்டும் படாதவன் என்று எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் உங்கள் பாத்திரத்தின் தாளில் ஒரு கட்டத்தை எழுதிவிட வேண்டும். எழுதியதற்கு மாறாக நடந்தால் தண்டனை. 1979இல் வந்த நடத்துநர் கையேட்டின்படி, கட்டம் மாறியவன் சம்பாதித்த தகுதியில் ஒரு படி இறங்க வேண்டும். பாலடின் என்ற தர்மவீரன் நெறி தவறினால் அவனுடைய வரங்களே போய்விடும்.

இதைவிட வேடிக்கையானது இன்னொன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ரகசிய மொழி இருந்தது. ஒரே கட்டத்துக்காரர்கள் சந்தித்தால் அதில் பேசிக்கொள்ளலாம். கட்டம் மாறினால் பழைய மொழி மறந்துபோகும். பின்னாளில் வந்த பதிப்புகள் இதைக் கைவிட்டுவிட்டன. தமிழ்ச் சிற்றிதழ்கள் இன்னும் கைவிடவில்லை.

இந்தக் கட்டங்களைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. குணத்தை முன்கூட்டி எழுதிவைப்பது கதை சொல்கிறவன் எல்லா ஊரிலும் செய்கிற காரியம். எங்கள் மாவட்டத்தையே பாருங்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா நல்ல இரட்டையராகவும் கெட்ட இரட்டையராகவும் வந்தார். முகம் ஒன்று, கட்டம் இரண்டு. எம்.ஜி.ஆர். வளர்ந்த பிறகு திரையில் குடிப்பதையும் புகைப்பதையும் பெரும்பாலும் தவிர்த்தே வந்தார். பாலடின் விதியை அவரைவிட ஒழுங்காக ஆடியவர் யாருமில்லை.

விதியின் உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஆட்டக்காரன் தன் கட்டத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறான். தப்பு செய்தால் மாறுகிறது, திருந்தினால் திரும்பவும் மாறலாம். எதிரே வருகிற அரக்கனுக்கு அந்த வசதி இல்லை. 1977இல் வெளியான அரக்கர் கையேட்டில் ஒவ்வோர் இனத்துக்கும் உயரம், ஆயுதம், பதுக்கிய பொருள் என்பவற்றோடு கட்டமும் அச்சாகி வந்தது. இங்கே ஜக்கார்டு தறி ஓட்டுகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அட்டையில் துளை குத்தியாகிவிட்டால் புட்டா அப்படித்தான் விழும்; ஊடையைக் கேட்டு மாற்ற முடியாது. ஓர்க் என்ற இனத்துக்கு 'ஒழுங்கான தீமை' என்று குத்தியிருந்தார்கள். குட்டி ஓர்க்குக்கும் அதேதான். பின்னால் 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அதே இனத்தை 'ஒழுங்கற்ற தீமை'க்கு மாற்றியது. இடையில் ஓர்க்குகள் என்ன செய்தார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. இனத்தின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் வாளை உருவலாம், விசாரணை வேண்டாம், பாவமும் ஒட்டாது. விளையாட்டின் வேகத்துக்கு இது வசதி.

பிறப்பைப் பார்த்துக் கட்டம் எழுதிய இன்னொரு கையேடும் உண்டு. அது விளையாட்டுக்காக அச்சடித்ததல்ல. 1871இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியையோ கூட்டத்தையோ அரசாங்கம் அறிவித்துவிட்டால் போதும், அதில் பிறந்தவன் குற்றவாளி. கைரேகை வைக்க வேண்டும், இருக்குமிடம் மாறினால் சொல்ல வேண்டும், பல ஊர்களில் இரவு காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். உப்பு மூட்டையைப் பொதிமாட்டில் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்களை, ரயில் வந்து அந்தப் பிழைப்பைப் பறித்த பிறகு, நாடோடிகள் என்றும் அதனால் திருடர்கள் என்றும் எழுதிக்கொண்டார்கள். இன்றும் தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலைப் புரட்டினால் 'சேலம் மேல்நாடு கொறவர்', 'சேலம் உப்பு கொறவர்' என்று எங்கள் மாவட்டத்தின் பெயரைத் தாங்கியே இரண்டு பதிவுகள் இருக்கின்றன. சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீங்கியது. மறுவருடமே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது. பிறப்பைப் பார்க்காமல் செய்கையைப் பார்க்கிறோம் என்றது அது. காகிதத்தில் அப்படி. எங்கே திருட்டுப் போனாலும் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் போகிறது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

விளையாட்டை வெளியிடும் நிறுவனத்துக்கும் 2020இல் ஞானம் பிறந்தது. ஓர்க், டிரோ முதலான இனங்களைப் பிறவிக் கெட்டவர்களாகக் காட்டியது நிஜ மனிதர்களை இழிவுபடுத்திய பழைய வழக்கத்தை ஒத்திருந்தது என்று ஒத்துக்கொண்டது. 2024 விதிநூலில் ஓர்க், ஆட்டக்காரர் தமக்கென எடுத்துக்கொள்ளக்கூடிய இனங்களில் ஒன்று. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. கட்டுரையாளர் இதை மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். எங்களுக்கும் மகிழ்ச்சிதான், பாதி.

மீதிப் பாதிக்குக் காரணம், இந்த வேலையைத் தமிழர்கள் முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934இல் மேடையேறியது. ஈரோட்டுப் பக்கம் ஓலவலசில் பிறந்த புலவர் குழந்தை எழுதிய 'இராவண காவியம்' 1946இல் வந்து, 1948இல் தடைப்பட்டு, 1971இல்தான் விடுபட்டது. அரக்கன் என்று அச்சடித்த கட்டத்தை அழித்து வீரன் என்று எழுதிய நூல்கள் இவை. அந்தக் காலத்துக்கு அந்தத் துணிச்சல் வேண்டியிருந்தது; தடை போட்டவர்களின் பயமே அதற்குச் சாட்சி. ஆனால் இராவணன் நல்லவன் ஆனதும் எதிரே நின்றவர்கள் மொத்தமாகக் கெட்டவர்கள் ஆனார்கள். குடியிருப்பவர்கள் மாறினார்கள், கட்டம் அப்படியே இருந்தது.

கட்டத்தையே வைத்துக்கொண்டு அதை மதிக்காமல் ஆடுகிற ஆட்டம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதைக் கூத்து என்கிறோம். மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியிலிருந்து 'மணல்வீடு' நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன் சிற்றிதழையும் கூத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போவதால், இதை முதலில் சொல்கிற பெருமை எங்களுக்கில்லை. கூத்தில் முகச்சாயம், கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் பார்த்த உடனே வருகிறவன் இன்னான் என்று சொல்லிவிடும். கட்டம் எழுதியாயிற்று. ஆனால் வேஷக்காரர் திரையைப் பிடித்துக்கொண்டு தன் பிரதாபத்தைத் தானே பாடுகிறார். கட்டியக்காரன் குறுக்கே பாய்ந்து, நீ யாரப்பா, எந்த ஊரு, உனக்கு எதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கிறான். துரியோதனனும் பதில் சொல்லியாக வேண்டும், தருமனும் சொல்லியாக வேண்டும். சொல்லுகிற நேரம் முழுக்க அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதுபோல் ஒரு மயக்கம் வருகிறது. ஊர்க்காரர்கள் அந்த மயக்கத்துக்காகத்தான் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். கதை எல்லோருக்கும் தெரியும்.

துகிலுரிகிற இரவை எடுத்துக்கொள்வோம். துச்சாதனனுக்கு எந்தக் கட்டம் என்பதில் யாருக்கும் தகராறில்லை. ஆனால் அந்த வேஷக்காரர் பாஞ்சாலியின் சேலையில் கை வைக்குமுன் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றி, அம்மனைக் கும்பிட்டு, நான் செய்யப்போவது வேஷம், என்மேல் குற்றம் வைக்காதே என்று மன்றாடிவிட்டுத்தான் தொடுவார். மத்தளமும் முகவீணையும் கொஞ்ச நேரம் ஓய்ந்திருக்கும். பிறகு அதே கை முந்தானையைப் பிடித்து இழுக்கும். அருள் வந்து ஆடுகிறவர்களைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் நிற்கும். கெட்டவனை ஆடுகிறவனும் கெட்டவனும் வேறு என்பதை இத்தனை வெளிப்படையாக, சபை நடுவில், நெருப்பைச் சாட்சி வைத்துச் சொல்கிற விதி எந்தக் கையேட்டிலும் இல்லை. படுகளத்தன்று மண்ணால் பிடித்த பிரம்மாண்டமான துரியோதனனின் தொடையை அடித்துப் பிளக்கிறார்கள். பாஞ்சாலி கூந்தல் முடிக்கிறாள். அந்தத் துரியோதனனுக்கும் அதே களத்தில் ஒப்பாரி உண்டு.

இவ்வளவையும் கட்டுரையாளருக்கு எழுதி, உங்கள் மேசையில் கர்ணனை இறக்கினால் தாளில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டோம். நண்பர்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர் பதில் போட்டார். சோறிட்டவனை விட்டுப் போகாதவன், கொடுத்த வாக்கு மீறாதவன், ஆகவே ஒழுங்கான நல்லவன் என்றாராம் ஒருவர். அப்படியானால் சபையில் பாஞ்சாலியைப் பேசிய பேச்சு? ஒழுங்கான தீமை என்றாராம் இன்னொருவர். நடுநிலை என்று சொன்னவரும் உண்டு. அவரை மற்றவர்கள் சும்மா விடவில்லை. கட்டமே இல்லாமல் விடலாம் என்றால், விதிநூல் அந்தச் சலுகையைச் சிந்திக்கத் தெரியாத மிருகங்களுக்கென்று வைத்திருக்கிறது.

'கர்ண மோட்சம்' கூத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கிறவள் பொன்னுருவி. பிறப்புத் தெரியாதவனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று புருஷனை ஏறெடுத்துப் பார்க்காதவள், அவன் போருக்குக் கிளம்புகிற நேரத்தில் வழி மறித்து நிற்கிறாள். இரண்டு பேரும் மாறி மாறிப் பாடுகிறார்கள். அவள் அவனுக்கு எழுதிவைத்திருந்த கட்டம் பாட்டுக்குப் பாட்டு அழிகிறது, அதற்குள் அவனுக்கு நேரமாகிவிடுகிறது. வாசகர்கள் தங்கள் விடைகளை எழுதலாம், அடுத்த இதழில் போடுகிறோம். பொன்னுருவி வழி மறிக்கிற காட்சியை ஒரு தடவையாவது பார்த்துவிட்டு எழுதுங்கள். பங்குனி, சித்திரையில் இந்தப் பக்கம் வந்தால் ஏதாவது ஓர் ஊரில் ஆட்டம் நடக்கும்.