இன்னுமா படிக்கிறான்?

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது இந்தக் கேள்வி தவறாமல் வரும். "பெரியவன் என்ன பண்றான்?" "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல பிஎச்.டி. சேர்ந்திருக்கான்." "அட, இன்னுமா படிக்கிறான்?" கேட்டவரின் மகன் பி.இ. முடித்த கையோடு ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து கார் லோன்கூட வாங்கியாகிவிட்டது. பெற்றவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? சேர்ந்து மூன்று மாதமே ஆன அந்தப் பையனுக்கே பெரும்பாலும் பதில் தெரியாது.

குழப்பத்துக்குக் காரணம் 'படிப்பு' என்ற சொல்தான். பி.இ. வரைக்கும் படிப்பு என்றால் யாரோ போட்ட கணக்கு, யாருக்கோ தெரிந்த விடை. ஆராய்ச்சியில் விடை யாருக்கும் தெரியாது. பல நேரம் கேள்வியே இன்னும் சரியாக எழுதப்பட்டிருக்காது. பள்ளியிலிருந்து முதல் மாணவராகவே வந்த பிள்ளைகள், இங்கே வந்ததும் தடுமாறுவது இதனால்தான்.

செல்போனில் எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே, அது ஜேபெக் கோப்பாகச் சுருங்கித்தான் போகிறது. அந்தச் சுருக்கத்தின் கடைசிப் படியில் வழக்கமாக வேலை செய்வது ஹஃப்மேன் குறியீடு. அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறியீடு, எப்போதாவது வருவதற்கு நீளமான குறியீடு. அவ்வளவுதான் விஷயம். அதைக் கண்டுபிடித்த டேவிட் ஹஃப்மேன், 1951-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவர். பேராசிரியர் ராபர்ட் ஃபானோ வகுப்பில் ஒரு சலுகை கொடுத்தார்: கடைசிப் பரீட்சை எழுதலாம், அல்லது இருப்பதிலேயே சிக்கனமான குறியீட்டை உருவாக்கும் வழியைக் கண்டுபிடித்துக் கட்டுரை தரலாம். ஃபானோவே முயன்று முழுதாகத் தீர்க்க முடியாத கணக்கு அது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஹஃப்மேன் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். இனி ஆகாது, பரீட்சைக்கே படித்துவிடலாம் என்று முடிவெடுத்த சமயத்தில்தான் வழி புலப்பட்டது. மற்றவர்கள் எழுத்துகளை மேலிருந்து கீழே பிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர் மிகக் குறைவாக வரும் இரண்டை முதலில் சேர்த்து, கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு போனார். கட்டுரை 1952-ல் அச்சானது. யாராலும் முடியாத கணக்கு என்று முன்பே தெரிந்திருந்தால் தொட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புது மாணவர்களுக்கு இந்த மாதிரிக் கதைகள் கொஞ்சம் கெடுதலும் செய்கின்றன. மின்னல் எப்போது வெட்டும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் போய்விடும். கான்பூர் கதை இதைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

91 பகா எண்ணா? பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது 7-ஐ 13-ஆல் பெருக்கிய எண். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் உள்ள எண்ணாக இருந்தால் என்ன செய்வது? எந்த எண்ணைக் கொடுத்தாலும், யூகம் எதுவும் இல்லாமல், ஏற்கத்தக்க நேரத்தில் அது பகா எண்ணா இல்லையா என்று சொல்லும் முறை 2002 ஆகஸ்டில் ஐஐடி கான்பூரிலிருந்து வெளிவந்தது. பேராசிரியர் மனீந்திர அகர்வாலுடன் அதை எழுதிய நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் அந்த வருடம்தான் பி.டெக். முடித்து ஆராய்ச்சியில் கால் வைத்தவர்கள். கட்டுரை 2004-ல் 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் வந்தது. 2006-ல் கோடல் பரிசு கிடைத்தது.

ஒரே கோடையில் நடந்த அதிசயம் போலத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் 1999-லேயே அகர்வாலும் அவருடைய சக பேராசிரியர் சோமேநாத் பிஸ்வாஸும் அந்தத் திசையில் ஒரு முறையைச் சொல்லியிருந்தார்கள். 2001-ல் ரஜத் பட்டாச்சார்ஜி, பிரசாந்த் பாண்டே என்ற இரண்டு மாணவர்கள் பி.டெக். புராஜெக்டில் அதை இன்னும் கொஞ்சம் தள்ளி, ஒரு யூகத்தோடு நிறுத்தினார்கள். அடுத்த வருடம் கயாலும் சக்சேனாவும் தங்கள் புராஜெக்டை அங்கிருந்துதான் தொடங்கினார்கள். யாரோ பாதியில் விட்ட நோட்டுப் புத்தகத்தை இன்னொருவர் எடுத்துத் தொடர்ந்ததில் வந்த வெற்றி அது. புது மாணவர் சேர்ந்ததும் முதலில் புரட்ட வேண்டியது, தன் துறையின் சீனியர்கள் எழுதிவைத்துப் போன ஆய்வேடுகளை. குறிப்பாகக் கடைசி அத்தியாயத்தை. 'இனி செய்யவேண்டியவை' என்று அங்கே ஒரு பகுதி இருக்கும். பலரும் அதைப் படிப்பதே இல்லை.

கட்டுரை படிப்பதும் தனி வேலைதான். நாவல் போல முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, மூன்றாம் பக்கத்தில் ஒரு சூத்திரத்தில் மாட்டிக்கொண்டு, 'நமக்கு மூளை போதாது' என்று மூடிவைக்காத மாணவர் இல்லை. எஸ்.கேசவ் என்ற பேராசிரியர் 2007-ல் இதற்கென்றே ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார். மூன்று முறை படி என்கிறார். முதல் முறை ஐந்து, பத்து நிமிடம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. இரண்டாம் முறை ஒரு மணி நேரம்வரை: நிரூபணங்களை விட்டுவிட்டு, படங்களையும் வரைபடங்களையும் கவனித்து. மூன்றாம் முறை அந்த ஆராய்ச்சியைத் தானே செய்வது போல மனசுக்குள் கட்டிப் பார்ப்பது. ஆரம்பத்தில் இதற்கு நாலைந்து மணி நேரம் ஆகும். பெரும்பாலான கட்டுரைகளை முதல் முறையோடு கீழே வைத்துவிடலாம். அதில் குற்றவுணர்ச்சி வேண்டியதில்லை.

இன்னொரு குழப்பம் கான்ஃபரன்ஸ். மற்றத் துறைகளில் ஜர்னலில் வந்தால்தான் பெருமை. கம்ப்யூட்டர் சயின்ஸில் முன்னணி மாநாடுகளுக்கும் அதே மதிப்பு உண்டு. கட்டுரைகளைத் துறை வல்லுநர்கள் படித்து, பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்றைய சாட்ஜிபிடி வகையறாக்களுக்கு அடித்தளம் போட்ட 2017-ம் வருடக் கட்டுரையும் ஒரு மாநாட்டில் வந்ததுதான். அதனால் 'ரிஜெக்ட்' என்ற மின்னஞ்சல் வந்தால் அது பரீட்சையில் ஃபெயில் ஆனதாகாது; குறைகளைச் சரிசெய்து அடுத்த மாநாட்டுக்கு அனுப்புவார்கள். பணம் கட்டினால் மூன்று நாளில் பிரசுரம் என்று ஆசைகாட்டும் இதழ்களும் உண்டு. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

மாநாடுகளின் கெடு நேரம் ஒரு வேடிக்கை. பூமியில் எங்காவது ஓரிடத்தில் அந்தத் தேதி மிச்சமிருக்கும்வரை அனுப்பலாம் என்பது பல மாநாடுகளின் கணக்கு. இரவு 11.59 என்று போட்டிருந்தால் நம்மூரில் மறுநாள் மாலை 5.29. அந்த வாரத்தில் வீட்டு போனைப் பிள்ளை எடுக்கவில்லையென்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். பேராசிரியரின் புகழைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் அதிகம். அதைவிட அவருடைய மாணவர்களிடம் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டே நாலு கேள்வி கேட்பது நல்லது. எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள்? வாரம் ஒருமுறையாவது சாரைப் பார்க்க முடிகிறதா? 'தெரியவில்லை சார்' என்று தைரியமாகச் சொல்ல முடிகிறதா? பாதியில் விட்டுப் போனவர் யாராவது உண்டா, ஏன்?

பணம். 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். பிறகு எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைப்பவர்களுக்கு 70,000-லிருந்து தொடங்கும். ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட வேண்டாம். ஆனால் வீட்டுக்குப் பாரமும் இல்லை. எல்லாக் கல்லூரிகளிலும் இது கிடைக்காது என்பதால், சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வருடம் பலருக்கும் இருட்டாகத்தான் இருக்கும். வகுப்புகள் முடிந்துவிடும், மதிப்பெண்ணும் இல்லை, 'பரவாயில்லை, சரியாகத்தான் போகிறாய்' என்று சொல்ல ஆளும் இல்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இருக்கும் பிள்ளையிடம் "எப்போ முடியும்?" என்று கேட்பதைவிட, "இந்த வாரம் எதைப் போட்டுக் குழப்பிக்கிட்டிருக்கே, எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்" என்று அம்மாவோ அப்பாவோ கேட்டால் நிஜமாகவே உதவும். புரியும்படி சொல்ல முயலும்போதுதான் எங்கே சிக்கல் என்று அவர்களுக்கே பிடிபடும். பேச்சுக்கும் மசியாத சோர்வு என்றால், அரசின் டெலிமானஸ் எண் 14416 இருக்கிறது. இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.

கடைசியில் வைவா. நம்மூர்ப் பல்கலைக்கழகங்களில் இது பொதுவாகத் திறந்த அரங்கில்தான் நடக்கும். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேள்வி கேட்பார், மாணவர் பதில் சொல்வார். பார்வையாளர் வரிசையில் பெற்றோரும் உட்காரலாம். இடம், தேதி முன்கூட்டியே அறிவிக்கப்படும்; அன்றைக்கு லீவு போட்டுவிட வேண்டியதுதான்.