போர்ட்டரும் சுண்டக்கஞ்சியும்

'கிராஃப்ட் பீர்' என்று ஒரு புதுப் பண்பாடு நம் நகரத்துக்கு வந்திருக்கிறது. கம்பெனி பாட்டில் இவர்களுக்கு ஆகாது. சிறிய ஆலையில், சிறிய அளவில், ஆள் பக்கத்திலிருந்து பக்குவம் பார்த்துப் புளிக்க வைத்தது வேண்டும். அதற்காக வெள்ளிக்கிழமை ரயிலேறி பெங்களூர் போகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் ஓட்டிப் புதுச்சேரி போகிறார்கள். திரும்பி வந்து 'எனக்குப் பிடித்த உள்ளூர்ப் பீர்கள்' என்று பட்டியல் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் வகை, நிறம், நுரை, கசப்பு, தொண்டையில் நிற்கிற வாசனை. நன்றாகத்தான் எழுதுகிறார்கள். அவர்கள் குடிப்பதில் எனக்குச் சண்டையில்லை. 'உள்ளூர்' என்ற சொல்லில்தான் சண்டை.

எந்த உள்ளூர் இது? ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இந்தக் கடலோரத்துக்கு ஓர் உள்ளூர்ப் பீர் தலைமுறைகளாக உண்டு. அதன் பெயர் சுண்டக்கஞ்சி. அரிசியை வேகவைத்து, ஆறப்போட்டு, பானையில் கொட்டி, வாயைத் துணியால் கட்டி, நாள் கணக்கில் புளிக்கவிட்டு எடுப்பது. சாராயம் போல அடுப்பேற்றிக் காய்ச்சி வடிப்பது இல்லை. தானியத்தின் மாவு சர்க்கரையாகி, சர்க்கரை நுரைத்துப் போதையாகிறது. பீர் என்பதற்கு உலகம் முழுக்க இதுதான் இலக்கணம். ஆனால் ரசிகர்களின் எந்தப் பட்டியலிலும் சுண்டக்கஞ்சி வராது. அது வருகிற இடம் போலீஸ் செய்தி: 'சுண்டக்கஞ்சி விற்ற பெண் கைது.'

அவர்கள் கொண்டாடுகிற வகைகளையே எடுத்துக்கொள்வோம். 'போர்ட்டர்' என்று ஒரு கறுப்புப் பீர். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் தெருவிலும் தேம்ஸ் ஆற்றுத் துறையிலும் மூட்டை தூக்கிய கூலிகள் விரும்பிக் குடித்ததால் வந்த பெயர் அது. போர்ட்டர் என்றால் சுமைகூலி. 'செஸான்' என்று ஒன்று: பெல்ஜியத்துப் பண்ணைகளில் அறுப்புக்கு வந்த கூலிகளுக்காகக் காய்ச்சி வைத்தது. 'லாம்பிக்' என்று ஒன்று: பிரசெல்ஸ் பக்கத்தில் திறந்த தொட்டியில் ஆறப்போட்டு, காற்றில் வருகிற நுண்ணுயிர் பட்டுத் தானாகப் புளிப்பது. ரசிகர் அந்தப் புளிப்பை நாக்கில் உருட்டி உருட்டிப் புகழ்கிறார். அதே புளிப்பு காசிமேட்டுப் பானையிலிருந்து வந்தால் மூக்கைப் பொத்துகிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே 'இந்தியா பேல் ஏல்'. பெயரிலேயே இந்தியா இருக்கிறது. லண்டனில் ஹாட்ஜ்சன் ஆலையும், 1820களுக்குப் பிறகு பர்ட்டன் ஊர் ஆலைகளும் கிழக்கிந்தியாவில் இருந்த வெள்ளையருக்காகக் கப்பலேற்றிய பீர். சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்பு கப்பல் கரைக்கு வர முடியாது. நடுக்கடலில் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைப் பிளந்துகொண்டு போய்ச் சரக்கு இறக்கியவர்கள் இந்தக் கரையின் படகுக்காரர்களும் கூலிகளும்தான். வெள்ளைக்காரன் குடித்த பீப்பாய் அந்தத் தோள்களில்தான் கரையேறியது. பீரின் பெயரில் இந்தியா நிலைத்துவிட்டது. தோளுக்குப் பெயர் இல்லை. இன்றைக்குப் புதுச்சேரியில் ஒரு பீர் ஆலைக்கு 'கேட்டமரன்' என்று பெயர். கட்டுமரம்! மரம் அவர்களுக்கு அழகுப் பெயர். மரத்தில் போனவன் குடித்தது மட்டும் கேவலம்.

லண்டன் சுமைகூலி குடித்தது 'ஸ்டைல்' ஆயிற்று. சென்னை ஹார்பர் சுமைகூலி குடித்தது குற்றமாயிற்று. வேறுபாடு பானையில் இல்லை. பானையைத் தொடுகிற கை யாருடையது என்பதில் இருக்கிறது. அதற்கு இந்த நாட்டில் பெயர் சாதி.

'அது ஏதோ சேரிக் கண்டுபிடிப்பு, தமிழ்ப் பண்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை' என்று சொல்லும் தமிழ்ப் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கு அவர்களுடைய இலக்கியத்திலிருந்தே பதில் சொல்கிறேன். பெரும்பாணாற்றுப்படை தொண்டை நாட்டுப் பாட்டு. இளந்திரையனைப் பாடியது. அதில் வலைஞர் குடியிருப்பு வருகிறது. குற்றாத அரிசியைக் கூழாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, முளையடை கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு பாணனுக்குக் கொடுக்கிறார்கள். முளை கட்டிய தானியத்தைத்தான் இன்று 'மால்ட்' என்கிறார்கள். இதைவிடச் சுத்தமான பீர்ச் செய்முறை வேறென்ன வேண்டும்? நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது இந்த இடத்தை வகுப்பில் 'பண்டைய உணவு வகைகள்' என்று ஒரு வார்த்தையில் கடந்து போனார்கள். பரிசில் பெற்ற பாணன் குடித்தால் பண்பாடு. அதே கடற்கரையில் மீன் ஏலத்துக்கு நிற்கிறவன் குடித்தால் கேஸ்.

இந்தக் கேஸ் எங்கிருந்து வந்தது? 1886ஆம் ஆண்டு சென்னை ஆப்காரிச் சட்டம் மதுவை உரிமத்துக்கும் வரிக்கும் கட்டுப்படுத்தியது. வரி கட்டினால் நல்ல மது. வீட்டுப் பானை திருட்டு மது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்து சேலத்தில் தொடங்கியது. 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. அப்போதும் பர்மிட் வாங்க வசதி இருந்தவன் வீட்டில் பாட்டில் இருந்தது. 1971இல் கடையைத் திறந்தார்கள், பிறகு மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். 1987 ஜனவரி 1 முதல் கள்ளையும் சாராயத்தையும் மூடினார்கள். பீரும் பிராந்தியும் மூடப்படவில்லை. எவன் குடிப்பது தப்பு, எவன் குடிப்பது தப்பில்லை என்று இதைவிடத் தெளிவாக ஒரு அரசாங்கம் எழுதிக் காட்ட முடியாது. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2023-24இல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம்.

எங்கள் தெருவில் ஒரு பெரிம்மா இருந்துச்சு. புருஷன் ஹார்பரில் மூட்டை தூக்கி இடுப்பு போய்ப் படுத்தவர். மூணு பிள்ளைங்க. காலையில் மீன் கூடை, சாயங்காலம் பானை. அடியில் தங்குகிற பழைய வண்டலைக் கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த பானைக்குப் போடும். மழை நாளில் எத்தனை நாள் விடணும், வெயிலில் எப்போ துணியை அவுக்கணும் என்று மூக்கிலேயே கணக்கு வைத்திருந்தது. இந்த அறிவுக்குத்தான் பெங்களூரில் 'ப்ரூ மாஸ்டர்' என்று பெயர், சம்பளம், மேல்சட்டை எல்லாம். பெரிம்மாவுக்குக் கிடைத்தது வேறு. மாமூல் ஒழுங்காகப் போகிற மாதம் பானை இருக்கும். மேலே கேஸ் கணக்குக் கேட்கிற மாதம் பானை உடையும். முடியைப் பிடித்து வண்டியில் ஏற்றியதைச் சின்னப் பையனாக நின்று பார்த்திருக்கிறேன். ஜாமீனில் வந்து திண்ணையில் உட்கார்ந்து சொல்லும்: "இன்னாடா பண்ணிட்டேன் நானு? சோத்தப் புளிக்க வெச்சேன். பழையதும் புளிச்ச சோறுதான? அதுக்கும் கேஸ் போடச் சொல்லு."

'விஷச் சாராயச் சாவுகளை மறந்துவிட்டீர்களா?' என்று கேட்பார்கள். மறக்கவில்லை. 2023இல் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60க்கும் மேற்பட்ட சாவு, பலர் நம் மக்கள். இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால், அதாவது தொழிற்சாலைக் கரைப்பான். அதைக் கலப்பது லாபக் கணக்குப் போடும் கூட்டம். வேகவைத்த அரிசியைப் புளிக்க வைக்கிற பெண்ணை அந்தக் கூட்டத்தோடு ஒரே கயிற்றில் கட்டுவது, செத்தவர்களுக்கும் செய்கிற துரோகம்.

இயக்கத் தோழர்கள் வேறு கேள்வி கேட்பார்கள்: 1956இல் நாகபுரியில் பாபாசாகேப் கொடுத்த 22 உறுதிமொழிகளில் குடிக்க மாட்டேன் என்பதும் உண்டே? உண்டு. நானும் குடிப்பதில்லை. குடியைக் கலகம் என்று கொண்டாடுகிற தோழர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ராத்திரி அடி வாங்குகிற பெண்ணுக்கு அது கலகம் இல்லை. ஆனால் உறுதிமொழி என்பது நாம் நமக்கு நாமே ஏற்றுக்கொள்வது. லத்தி உறுதிமொழி ஆகாது. நம் பெண்கள் குடிக்கு எதிராக நிற்கிறார்கள் என்றால், அவர்கள் நிற்பது டாஸ்மாக் வாசலில். அவர்களைக் காட்டிப் பெரிம்மாவின் பானையை உடைக்கிற யோக்கியதை, அந்தக் கடைகளை நடத்துகிற அரசுக்கு இல்லை.

கள்ளுக்கு ஆதரவாக இப்போது குரல் கேட்கிறது. கள் உணவு, கள் விவசாயி உரிமை என்கிறார்கள். இருக்கட்டும். கள்ளுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்புக்கு உடைமைக்காரன் இருக்கிறான். அவனுக்கு மேடை இருக்கிறது. சுண்டக்கஞ்சிக்குத் தோப்பு இல்லை. ஒரு பானை, ஒரு பெண். குப்பத்துக்கும் சேரிக்கும் நடுவில் சாதி இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பானைக்கு வருகிற போலீஸ் இருவர் தெருவுக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது.

வெளியே பாருங்கள். கோவா ஃபென்னிக்கு 2009இல் புவிசார் குறியீடு. அசாமில் திமாசா மக்களின் அரிசி மது ஜூடிமாவுக்கு 2021இல். பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ பாரம்பரியம் என்றது. ஜப்பானியரின் அரிசி மது காய்ச்சும் கலையை 2024இல். இதைச் சொன்னவுடனே, 'அப்போ சுண்டக்கஞ்சிக்கும் லேபிள் ஒட்டலாமே' என்று ஒருவர் கிளம்புவார். அந்த ஆபத்தும் எனக்குத் தெரிகிறது. நாளைக்கு ஒரு முதலாளி 'மெட்ராஸ் ரைஸ் ஏல்' என்று கண்ணாடித் தம்ளரில் நானூறு ரூபாய்க்கு ஊற்றுவான். ரசிகர் பட்டியலில் முதலிடம் கொடுப்பார். பெரிம்மாவின் பேத்தி அங்கே தம்ளர் கழுவிக்கொண்டிருப்பாள்.

பீர் ரசிகர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: ஊர்த் தண்ணீர்தான் பீரின் உயிர், பர்ட்டன் தண்ணீருக்கு ஒரு ருசி, பில்சன் தண்ணீருக்கு ஒரு ருசி. எண்ணூருக்கு வாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படர்ந்தது. மீனும் வலையும் படகும் கறுத்தன. எங்கள் ஊர்த் தண்ணீரின் ருசி அது. மீன் போனால் கூடை போகும். கூடை போனால் பானைதான் மிச்சம். அதையும் உடைத்துவிட்டு உள்ளூர் ருசி பேசுகிறீர்கள்.

ஆகவே கேட்பது கருணை அல்ல. புளித்த அரிசிக்காகப் பெண்களைச் சிறைக்கு அனுப்புவதை நிறுத்து. மெத்தனால் வியாபாரியையும் அவர்களையும் ஒரே வார்த்தையால் கூப்பிடாதே. சிறு ஆலைக்கு உரிமம் என்று எப்போது பேச்சு வந்தாலும், இந்த வழக்குகளை முதலில் ரத்துசெய்துவிட்டுப் பேசு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இருக்கிற தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் தெருவில் இந்தக் கேஸ் வாங்கிய ஆயாக்கள், பெரிம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். எத்தனை தடவை ஸ்டேஷன், எவ்வளவு ஃபைன், எத்தனை நாள் ஜெயில், அப்போது பிள்ளைகளுக்கு யார் சோறு போட்டது என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். செய்முறையை எழுதாதீர்கள். அது அவர்களுடையது.