கோடு கிழித்தவன் ஒருவன். குருதி சிந்துவோர் வேறு

அரபியர் என்றால் எண்ணெய்ப் பணம். இல்லையேல் ஓயாத சண்டை! இவ்விரண்டுக்கு மேல் அம்மக்களைப் பற்றித் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் எடுத்துரைத்தது மிகக் குறைவு. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்த் தேநீர்க்கடையிலும் இதே பேச்சுத்தான். "மொழியும் ஒன்று, பெரும்பாலும் சமயமும் ஒன்று, பிறகும் ஏன் அடித்துக்கொண்டு சாகிறார்கள்?" என்று ஏளனமாகக் கேட்பர். ஏளனத்தை நீக்கிவிட்டால், அது தமிழன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகவும் இருக்கின்றது.

முதற்கண் வரலாறு. முதல் உலகப்போரின்போது, துருக்கியரை எதிர்த்து எழுந்தால் அரபு நாட்டின் விடுதலைக்குத் துணைநிற்பதாக மெக்காவின் தலைவர் உசேனுக்கு ஆங்கிலேயர் எழுத்தில் உறுதி கொடுத்தனர். அந்த மடலின் மை காயுமுன்னரே, 1916 மே திங்களில், சைக்சு என்னும் ஆங்கிலேயரும் பிக்கோ என்னும் பிரெஞ்சியரும் அந்நிலத்தைத் தத்தம் அரசுகளுக்குப் பங்கிட்டு நிலப்படத்தில் கோடு கிழித்தனர். 1917 நவம்பரில் பால்பர் என்னும் ஆங்கில அமைச்சர், பாலத்தீனத்தில் யூதர்க்கொரு தாயகம் அமைய உதவுவதாக அறிவித்தார். ஒரே புலத்தை மூவர்க்கு விலைபேசுகின்றவனை ஊர்ப்புறத்தார் என்ன பெயரிட்டு அழைப்பார்களோ, அப்பெயர் அப்பேரரசுக்கும் பொருந்தும். இன்றைய ஈராக்கு, சிரியா, இலெபனான், யோர்தான் ஆகியவற்றின் எல்லைகள் பெரும்பாலும் அக்காலத்து அரசியல் பேரத்தில் பிறந்தவையே. அங்கு வாழ்ந்த உழவனையோ மேய்ப்பனையோ எவரும் கேட்கவில்லை.

அம்மக்களின் வாழ்வைப் போர்ச்செய்தி கொண்டு மட்டும் அளப்பது பெரும்பிழை. தமிழர் மகிழ்ந்து அறியத்தக்கது அவர்தம் மொழிப்பற்று. திமிசுக்கு நகரில் 1919 ஆம் ஆண்டிலேயே அரபுமொழிக் கழகம் தோன்றிற்று; கெய்ரோவில் 1932 இல் மற்றொன்று. தொலைபேசி வந்தபோது, உருவம் காணாமல் குரல்மட்டும் கேட்கும் ஒருவனைக் குறித்த பழஞ்சொல்லை எடுத்து அதற்குச் சூட்டினர். பாலைவழிச் செல்லும் சாத்தினைக் குறித்த சொல்லை உந்துவண்டிக்குப் பெயராக்கினர். சிரியாவின் பல்கலைக்கழகங்களில் மருத்துவக் கல்வியே அரபுமொழியில் நடக்கின்றது. உள்நாட்டுப் போர் மூண்ட 2011 க்குப் பின்னரும் அது கைவிடப்படவில்லை. தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலாதென்று இங்கே கைவிரிப்போர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

இனிப் பாலத்தீனம். 1948 இல் இசரேல் நாடு தோன்றிய போரில் ஏறத்தாழ 7,00,000 பாலத்தீனியர் வீடிழந்து ஏதிலியராயினர். பாவலர் மகமூது தர்வீசு அப்போது ஏழு அகவைச் சிறுவர். இலெபனானுக்கு ஓடிய குடும்பம் ஓராண்டு கழித்துத் திரும்பியபோது, அவர் பிறந்த அல்-பிர்வா என்னும் ஊரே இல்லை. அதே 1948 இல்தான் இலங்கை அரசு ஒரு சட்டத்தால் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. தமிழர்க்கு இந்தத் துயரை விளக்க அகரமுதலி தேவையில்லை.

1967 இல் யோர்தான் ஆற்றின் மேற்குக்கரையை இசரேல் கைப்பற்றியபின், அங்குள்ள பாலத்தீனிய உழவன் தன் நிலத்தில் புதுக்கிணறு வெட்டவும் படைத்துறையின் இசைவு வேண்டும் என்றாயிற்று. தருமபுரியாருக்கு இது எளிதில் விளங்கும். ஒகேனக்கல்லில் காவிரி இரைந்து விழ, மாவட்டத்து மக்களோ புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல் கறைபட்டு எலும்பு வளைந்து கிடந்தனர். 1998 இல் நடுவணரசின் முன்னிலையில் உடன்பாடு கண்ட குடிநீர்த் திட்டத்துக்கு 2008 இல் அடிக்கல் நாட்டியதும் கருநாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பிற்று. திட்டம் தொடங்கிவைக்கப்பெற்றது 2013 இல்தான். இங்கே தடுத்தவர் அண்டை மாநிலத்தார். அங்கே கையில் துமுக்கியோடு நிற்கும் படை. வேறுபாடு பெரிது, எனினும் வறண்ட தொண்டை ஒன்றே.

ஆயினும் அரபியர் பட்ட கொடுமையைப் பேசுவோர் அவர் செய்த கொடுமையை மறைத்தல் முறையன்று. ஈராக்கின் அரசு 1988 மார்ச்சில் அலப்சா என்னும் குர்து நகரின்மீது நச்சுவளியை வீசிற்று. ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர். அல்சீரியாவில் அமாசிக்கு மக்களின் தாய்மொழி நெடுங்காலம் ஒடுக்கப்பட்டது. சூடானில் அரபுமொழியைத் தெற்கின்மீது திணித்ததும் அந்நாடு 2011 இல் இரண்டாகப் பிரிந்ததற்கு ஒரு கரணியம். இந்தியை எதிர்த்து நின்ற தமிழர், அரபுமொழி செய்த திணிப்பை மட்டும் பாராட்ட இயலுமோ? அல்சீரியா 2016 இல் அமாசிக்கு மொழியை ஆட்சிமொழியாக ஏற்றது. காலங்கடந்த நயன்மை எனினும், பூசலின் வேரொன்றை அறுக்கும் வழி அதுவே.

ஒரே மொழியினர் ஏன் மோதுகின்றனர் என்ற வினாவுக்குத் தகடூர் மண்ணிலேயே விடை கிடக்கின்றது. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டபோது மதிலின் உள்ளே நின்றவனும் தமிழன். வெளியே நின்றவனும் தமிழன். அது பழங்கதை என்போர் 2012 நவம்பர் 7 ஐ நினைவு கொள்க. தருமபுரிக்கு அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகளில், சாதி கடந்த ஒரு திருமணத்தைச் சாக்காக்கி, ஒடுக்கப்பட்ட மக்களின் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளைத் தாக்கித் தீயிட்டவர்களும் தமிழ்தான் பேசினர். அந்நாளில் அரபியன் ஒருவன் இச்செய்தியைப் படித்து, "தமிழர் என்றாலே இப்படித்தான்" என்றிருந்தால், இம்மாவட்டத்தார் அதனை ஏற்றிருப்பரோ?

அமைதி வேண்டுவோர் அங்கு இல்லாமலில்லை. இசரேலோடு உடன்படிக்கை செய்த எகித்துக் குடியரசுத் தலைவர் சதாத்தை 1981 இல் அவர் நாட்டுப் படையினரே கொன்றனர். பாலத்தீனியரோடு 1993 இல் உடன்படிக்கை செய்த இசரேல் தலைமை அமைச்சர் இராபினை 1995 இல் ஓர் இசரேலியனே சுட்டான். அமைதிக்குப் பகை இருபுறமும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. துனீசியாவில் தொழிற்சங்கமும் வழக்கறிஞர் கழகமும் இன்னும் இரண்டு அமைப்புகளும் கூடி உள்நாட்டுப் பூசலைப் பேச்சினால் தணித்து 2015 இல் நோபெல் பரிசு பெற்றன. 2021 இல் அந்நாட்டுத் தலைவர் நாடாளுமன்றத்தை முடக்கினார். கட்டுவதும் இடிப்பதும் மாறிமாறி நடக்கின்றன.

2023 அக்டோபர் 7 அன்று அமாசு இயக்கத்தார் இசரேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றதும், பலரைப் பிணையாகக் கொண்டுசென்றதும் எந்த விடுதலை அறத்திலும் சேராது. அதற்கு மறுமொழியாகக் காசாவில் 60,000 க்கும் மேற்பட்டோர் மாண்டதாக அங்குள்ள நலத்துறை கணக்குரைக்கின்றது, குழந்தைகள் பல்லாயிரவர். 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது.

1967 க்கு முந்தைய எல்லைக்கு இசரேல் பின்வாங்கிப் பாலத்தீன அரசு அமையவும் ஏதிலியர் சிக்கலுக்கு நேரிய தீர்வு காணவும் இசைந்தால் இசரேலை ஏற்போம் என்று அரபு நாடுகள் 2002 இல் பெய்ரூத்தில் கூடி எழுதிக் கொடுத்தன. 2007 இல் இரியாதில் மீண்டும் உறுதிசெய்தன. இசரேல் அதனை ஏற்கவில்லை. 1948 இல் பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறவுகோலைப் பாட்டன் மகனிடமும் மகன் பேரனிடமும் கொடுத்துக் காத்துவரும் குடும்பங்கள் ஏதிலியர் முகாம்களில் இன்றும் உள்ளன.